ஒரு பிள்ளையைக் காக்க ஒரு கை போதாது!

விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசிக்குப் பக்கத்தில் உள்ள ஊர் ஆனைக்குட்டம். அர்ச்சுனா நதியின் குறுக்கே அங்கே ஓர் அணை இருக்கிறது. ஆனாலும் அந்த வட்டாரம் மழையை நம்பி வாழும் பூமிதான். மழை பொய்த்தால் காட்டில் வேலை இல்லை. காடு கைவிட்டவர்களுக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் சோறு போட்டன.

தீபாவளிக்கு நாடெங்கும் பட்டாசு வெடிக்கிறார்கள். அந்தப் பட்டாசில் மருந்து அடைத்த கை, பெரும்பாலும் இந்த வட்டாரத்துக் கை. அந்தக் கைக்கு ஆபத்து வந்தால், அதை நம்பி வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் கதி என்ன?

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளத்தில் வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தீ அணைந்து விட்டது. வீடுகளில் துயரம் அணையவில்லை.

பதினாறாம் நாளுக்குப் பிறகு

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தகப்பனார் விபத்தில் இறந்து விட்டார். தாயார் இருக்கிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன். நான்கு வயது மகள். ஆலையில் வாங்கிய முன்பணம் ஒரு பக்கம். வட்டிக் கடன் மறு பக்கம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவினர்கள் ஊர் திரும்புவார்கள். அடுப்பு எரிய வேண்டுமே! "நான் வேலைக்குப் போகிறேன், அம்மா" என்று மகன் சொல்வான். தாய் பதில் பேச மாட்டாள். அவளால் என்ன பேச முடியும்?

பள்ளிக்கூடத்து வாத்தியார் வீடு தேடி வந்து பையனை அழைக்கலாம். ஆனால் கடனை அவர் அடைக்க முடியாது. அங்கன்வாடிப் பணியாளர் சின்னவளுக்குச் சோறு ஊட்டலாம். வாரிசுச் சான்று கொடுக்க அவரால் முடியாது. தாசில்தார் சான்று கொடுக்கலாம். இரவில் அலறி எழும் பையனின் பயத்தைப் போக்க அவரால் முடியாது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு உதவிதான் இருக்கிறது. துண்டுகளை ஒன்றாகத் தைத்தால்தான் அது போர்வை ஆகும்.

சட்டம் மட்டும் போதுமா?

ஒரு காலத்தில் சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டி ஆலைகளில் பிள்ளைகளே வேலை செய்தார்கள். பொழுது விடியும் முன்பே கிராமங்களுக்கு வண்டி வரும். தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகள் ஏறுவார்கள்.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்தது. அது முதலில் தொடங்கிய இடங்களில் சிவகாசியும் ஒன்று. மீட்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் நடந்தன. படிப்போடு சாப்பாடும், மாதந்தோறும் சிறு உதவித் தொகையும் கிடைத்தன. 2021-ல் அந்தத் திட்டம் பொதுப் பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது.

1996 டிசம்பர் 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு அளித்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடரப்பட்ட வழக்கு அது. பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி, ஒரு பிள்ளைக்கு ரூ.20,000 கட்ட வேண்டும் என்றது கோர்ட்டு. அதோடு நிற்கவில்லை. அந்தப் பிள்ளையின் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கொடுக்கவும் அரசு முயல வேண்டும், முடியாவிட்டால் ரூ.5,000 கட்ட வேண்டும் என்றது.

பிள்ளையை மட்டும் மீட்டால் போதாது. குடும்பத்தையும் தூக்கி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் இன்று மீட்ட பிள்ளை நாளை வேறு ஆலையில் நிற்கும். அந்தத் தீர்ப்பு சொல்லும் பாடம் இதுதான்.

ஒரு மேஜை, பல பேர்

இப்போது 2015-ம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் நலக் குழு உண்டு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஆதரவற்ற பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் இந்தக் குழுவின் முன் கொண்டு வர வேண்டும்.

இந்தக் குழுவுக்குத் துணையாக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வேலை செய்கிறது. அதில் சமூகப் பணியாளர் உண்டு. சட்டம் தெரிந்தவர் உண்டு. மனம் நொந்த பிள்ளையோடு பேசும் ஆற்றுப்படுத்துநர் உண்டு. சமூகப் பணியாளர் வீட்டுக்குப் போவார். கடன் எவ்வளவு, பாட்டி இருக்கிறாரா, பையன் தூங்குகிறானா என்று விசாரித்து எழுதுவார். அந்த அறிக்கையைப் பார்த்துக் குழு முடிவு செய்யும்.

பிள்ளையை உடனே காப்பகத்தில் சேர்த்து விடுவார்களோ என்று தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டாம். காப்பகம் என்பது கடைசி வழி. பிள்ளை தன் வீட்டிலேயே வளர்வதுதான் முதல் வழி என்று சட்டமே சொல்கிறது. இதற்காக, தகுதி உள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு மாதம் ரூ.4,000 உதவித் தொகை உண்டு. கணவனை இழந்த தாயின் பிள்ளைகளும் இதைக் கேட்கலாம்.

2024 நவம்பரில் விருதுநகரில் நடந்த அரசு விழாவில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஓர் அறிவிப்பு செய்தார். பட்டாசு ஆலை விபத்தில் இறப்பவர்களின் பிள்ளைகளுடைய படிப்புச் செலவை, உயர்கல்வி வரை அரசே ஏற்கும் என்றார். முதல் கட்டமாக ரூ.5 கோடி ஒதுக்கப்படும் என்றும் சொன்னார்.

எங்கே சறுக்குகிறது?

உதவி இருக்கிறது. ஆனால் அது பல வாசல்களில் இருக்கிறது. ஒரு வாசலில் இறப்புச் சான்று. ஒரு வாசலில் வாரிசுச் சான்று. இன்னொரு வாசலில் வங்கிக் கணக்கு. ஒவ்வொரு வாசலுக்கும் போக ஒரு நாள் கூலி போகும். இரண்டு முறை அலைந்தவள் மூன்றாம் முறை போக மாட்டாள். அதற்குள் பையன் பள்ளியை மறந்து விடுவான்.

கூட்டு முயற்சி என்பது பத்து அதிகாரிகள் பத்து முறை வந்து ஒரே கேள்வியைக் கேட்பது அல்ல. எல்லாரும் ஒரு மேஜையில் உட்கார வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு கோப்பு வேண்டும். "இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இல்லாவிட்டால், எல்லாருடைய வேலையும் யாருடைய வேலையும் இல்லாமல் போகும்.

காமராஜர் கண்ட உண்மை

விருதுநகரில் பிறந்த காமராஜர் ஆறு வயதில் தந்தையை இழந்தார். சிறு வயதிலேயே படிப்பு நின்றது. மாமாவின் ஜவுளிக் கடையில் வேலைக்கு உட்கார்ந்தார். அவர் பிற்காலத்தில் முதலமைச்சர் ஆனார். பள்ளிகளைத் திறந்தார். 1956-ல் மதிய உணவும் தந்தார். வாத்தியார் மட்டும் போதாது, சமையற்காரரும் வேண்டும் என்று அவர் அறிந்திருந்தார். அன்று இரண்டு கை. இன்று இன்னும் சில கைகள். அவ்வளவுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் தெருவில் ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகாமல் நிற்கிறதா? 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது. இரவு, பகல் எந்த நேரமும் பேசலாம்.

துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் ஆறுதல் சொல்வதோடு நிற்க வேண்டாம். ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிச் சான்று ஆகியவற்றைப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தாயோடு ஒரு நாள் தாலுகா ஆபீசுக்குப் போய் வாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு மனு எழுதிக் கொடுங்கள்.

அந்த மனு ஒரு காகிதம்தான். ஆனால் அது போய்ச் சேர்ந்தால், பையன் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொள்வான். போய்ச் சேராவிட்டால், சோற்றுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொள்வான்!