2010 பிறந்ததும் நல்ல மெயில்கள் ‘ஸ்பேம்’ ஆனது ஏன்? சர்வர் லாக் சொல்லும் கதை

“மெயில் அனுப்பி ரெண்டு நாள் ஆச்சு சார்...”

“எனக்கு எதுவும் வரலையே!”

இந்தப் பேச்சில் ரெண்டு பேருமே உண்மையைச் சொல்லலாம். அனுப்பியவரின் ‘சென்ட்’ ஃபோல்டரில் மெயில் இருக்கும், பெறுபவரின் இன்பாக்ஸில் இருக்காது. நடுவில் அது எங்கே போச்சு என்பதற்கான பதில், பெரும்பாலும் மெயில் சர்வரின் லாக் ஃபைலில் ஒரு வரியாகக் கிடக்கும். அந்த வரியைப் படிக்கத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2010 ஜனவரி 1 நல்ல உதாரணம்.

புத்தாண்டில் நடந்தது என்ன?

ஸ்பேம்அசாசின் என்பது உலகம் முழுக்கப் பல சர்வர்களில் ஓடும் இலவச ஸ்பேம் வடிகட்டி. வருகிற ஒவ்வொரு மெயிலையும் நூற்றுக்கணக்கான விதிகளோடு ஒப்பிட்டு, மாட்டுகிற விதிக்கெல்லாம் மார்க் போடும். மொத்தம் 5-ஐத் தொட்டால் ஸ்பேம். இந்தப் பரீட்சையில் மட்டும் மார்க் கம்மியா வாங்குறவங்கதான் பாஸ்!

அந்த விதிகளில் ஒன்று மெயிலின் தேதியைப் பார்க்கும். இன்பாக்ஸில் தங்கள் மெயில் மேலேயே நிற்க வேண்டும் என்பதற்காக, ஸ்பேம் அனுப்புகிறவர்கள் எதிர்காலத் தேதி போட்டு அனுப்புவது வழக்கம். அதைப் பிடிக்க ‘எஃப்ஹெச்_டேட்_பாஸ்ட்_20எக்ஸ்எக்ஸ்’ என்றொரு விதி எழுதினார்கள். ஆண்டில் 20-க்கு அடுத்த இலக்கம் 1 முதல் 9 வரை இருந்தால் அது எதிர்காலம் என்பதுதான் கணக்கு. அதாவது 2010 முதல் 2099 வரை. எழுதும்போது 2010 தூரத்தில் இருந்தது. அப்புறம் அது வந்தே விட்டது.

நள்ளிரவு தாண்டியதும், சரியான தேதியோடு வந்த எல்லா மெயிலுக்கும் இந்த விதி மார்க் போட ஆரம்பித்தது. பல சர்வர்களில் அது 3-க்கும் மேல். ஒரு மெயில் உள்ளே வரும்போதே தலையில் 3 மார்க் சுமந்து வந்தால், மிச்சம் 2 சேருவதற்கு எவ்வளவு நேரம்? சின்னச் சின்ன விதிகள் ரெண்டு, மூன்று மாட்டினால் போதும்.

இதில் கொடுமை, எல்லா மெயிலும் நிற்கவில்லை. நண்பரின் வாழ்த்து வந்துவிடும், கடையின் பில் வராது. மொத்தமாக நின்றிருந்தால் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். பாதி வந்து பாதி வராமல் இருந்தால், “நீங்க அட்ரஸைத் தப்பா போட்டிருப்பீங்க” என்றுதான் பேச்சு போகும்.

இந்தக் கோளாறு மென்பொருளின் மேம்பாட்டுப் பதிப்பில் ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தது. ஆனால், எல்லாரும் பயன்படுத்திய பதிப்புக்கு அந்தத் திருத்தம் போகவில்லை. ஜனவரி 1 அன்றே அவசரமாக அப்டேட் வந்தது. அதை இறக்கிக்கொண்ட சர்வர்கள் தப்பின. அல்லது அந்த விதியின் மார்க்கை 0 ஆக்கினாலே போதும், ஒரே வரி வேலை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு மெயிலை மட்டும் எடுத்து ஆராய்ந்தால் இது பிடிபடாது. தப்பாக ஸ்பேம் ஆன நல்ல மெயில்கள் பத்து, பதினைந்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் லாக்கில் பதிவான விதிகளின் பெயரை அடுக்கிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், குற்றவாளி அதுதான். சிலர் இதைச் செய்யாமல் வரம்பை 5-லிருந்து 8-க்கு ஏற்றிவிடுவார்கள். நல்ல மெயில் வரும், கூடவே நிஜ ஸ்பேமும் கொட்டும்.

லாக்கில் இன்னொரு பொறியும் இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் மாதிரியான மெயில் சர்வரில் ‘ஸ்டேட்டஸ்=சென்ட்’ என்ற வரியைப் பார்த்ததும், “நாங்க அனுப்பிட்டோம், எங்க பக்கம் தப்பில்ல” என்று சொல்லிவிடுவார்கள். அதே வரியில் 127.0.0.1 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மெயில் இன்னும் அந்த மெஷினை விட்டே போகவில்லை, உள்ளேயே இருக்கிற வடிகட்டியிடம்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து திரும்பி வரும்போது அதற்குப் புது வரிசை எண் கிடைக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் மேலே தேட வேண்டும்.

வெளி சர்வருக்கே போய் 250 என்ற பதில் வந்திருந்தாலும், ‘வாங்கிக்கொண்டேன்’ என்றுதான் அர்த்தம். இன்பாக்ஸில் போட்டார்களா, ஸ்பேமில் போட்டார்களா என்பது அந்த சர்வரின் லாக்கில்தான் தெரியும். 4-ல் தொடங்கும் எண் வந்தால் ‘அப்புறம் வா’. 5-ல் தொடங்கினால் ‘வராதே’.

இந்த ‘வராதே’கூடப் பரவாயில்லை, அனுப்பியவருக்குத் தகவல் திரும்பிவிடும். வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் அழித்துவிடும் சர்வர்கள்தான் ஆபத்து. வேலைக்கான அழைப்போ, டெண்டருக்கான பதிலோ காணாமல் போனது ரெண்டு பக்கமும் தெரியாது.

மூடிய கடையின் சாபம்

2010 கதை தனி விபத்து இல்லை. ஸ்பேமர்களுக்கு வழிவிடும் சர்வர்களின் கறுப்புப் பட்டியலாக இருந்த ஓஆர்டிபி, 2006 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் பிறகும் பல சர்வர்கள் ஒவ்வொரு மெயிலுக்கும் அதனிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தன. 2008 மார்ச்சில் அது எந்த முகவரியைக் கேட்டாலும் ‘ஆமாம், ஸ்பேமர்தான்’ என்று பதில் சொல்ல ஆரம்பித்தது. அமைப்பை மாற்றாத சர்வர்களில் நல்ல மெயில்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டன. லாக்கில் மட்டும் மறுப்புக்கான காரணம் பட்டியலின் பெயரோடு வரிக்கு வரி இருந்தது.

உங்கள் மெயில் காணோமா?

முதலில் ஸ்பேம் ஃபோல்டரைப் பாருங்கள் (தெரிந்ததுதான், ஆனாலும் நானே பல தடவை மறந்திருக்கிறேன்). அங்கே கிடைத்தால், ஜிமெயிலில் மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ அழுத்துங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று சோதனைகளில் அனுப்பியவரின் மெயில் பாஸா, ஃபெயிலா என்று தெரியும். ஃபெயில் என்றால் சரிசெய்ய வேண்டியது அனுப்பியவர்தான். அவரிடம் சொல்லுங்கள்.

அங்கேயும் இல்லையென்றால், ஆபீஸ் மெயிலைப் பார்த்துக்கொள்பவரிடம் “மெயில் வரல” என்று மட்டும் சொல்லாதீர்கள். அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, அனுப்பிய நேரம் மூன்றையும் கொடுங்கள். பல சர்வர்களின் கடிகாரம் யுடிசி நேரத்தில் ஓடும். நம்ம ஊரில் மதியம் 3 மணிக்கு அனுப்பியது, லாக்கில் காலை 9.30 என்றுதான் இருக்கும். இதையும் ஞாபகப்படுத்துங்கள். ரொம்பத் தள்ளியும் போடாதீர்கள். இடத்தை மிச்சப்படுத்த, சில வாரங்களில் பழைய லாக் தானாகவே அழிந்துபோகும்படி பல சர்வர்களை அமைத்திருப்பார்கள்.