நாவின் கட்டும் செவியின் கதவும்



மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில், தெக்கப்பொலி நாட்டிலே நம் ஆண்டவரிடம் அழைத்து வரப்பட்ட ஒரு மனிதனைக் காண்கிறோம். அவனுக்குக் காது கேளாது. பேச்சோ திக்கித் திணறித்தான் வரும். இயேசு அவனைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் சென்று, முதலில் அவனுடைய காதுகளில் விரல் வைக்கிறார். அதன் பின்னரே நாவைத் தொடுகிறார். நாவின் கட்டு அவிழ்ந்ததாக நற்செய்தியாளர் கூறுகிறார். மூலமாகிய கிரேக்க மொழியிலும் ‘கட்டு’ என்ற பொருளுடைய சொல்லே நிற்கிறது. குருமடத்தில் பயின்ற நாளில் இதை வெறும் உருவகம் என்று எண்ணிக் கடந்து போனேன். பங்குப் பணிக்கு வந்த பின்னர்தான், நம் வீடுகளில் சாதாரணமாக வழங்கும் பேச்சே அது என்று அறிந்தேன். “சாமி, பிள்ளைக்கு அடிநாக்கு ஒட்டியிருக்கு. அதான் பேச்சு வரலை” என்று எத்தனை பாட்டிமார் என்னிடம் கூறியிருக்கிறார்கள்!

குழந்தைத் திருமுழுக்கிலும் குருவானவர் முதலில் காதையும் பின்பு வாயையும் தொடும் சடங்கு ஒன்று உண்டு. இந்த வரிசையை நாங்கள் மறந்ததால் ஒரு சிறுவன் எதை இழந்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

முன்பு நான் பணியாற்றிய பங்கொன்றில் நடந்தது. பையனுக்கு மூன்று வயது நிறையப் போகிறது; ஒரு சொல்லும் பேசவில்லை. பாட்டி அவன் நாக்கைத் தூக்கிப் பார்த்தார்; அடியில் மெல்லிய ஒட்டு ஒன்று இருந்தது. அவ்வளவே போதுமாயிருந்தது. நகரத்து மருத்துவர் ஒருவர் அதை வெட்டியும் விட்டார். பின்பு வசம்பு தேய்த்தார்கள், நேர்ச்சை வைத்தார்கள், காத்திருந்தார்கள். ஓராண்டு கழிந்தது. திருவிழாவன்று தேருக்கு முன்னே சரவெடி கொளுத்தியபோது சிறுவர் யாவரும் காதைப் பொத்திக்கொண்டு ஓட, இவன் மட்டும் முதுகைக் காட்டி உட்கார்ந்து மணலை அளைந்துகொண்டிருந்தான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைக் கண்ட தாயின் முகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. செவிப் பரிசோதனையில் இரு காதுகளும் பிறவியிலிருந்தே கேளாதவை என்று தெரிந்தது. குழந்தை மொழியைப் பற்றிக்கொள்வதற்கு முதல் மூன்று நான்கு ஆண்டுகளே பொன்னான காலம். அதில் பெரும்பகுதி போய்விட்டது. அந்தப் பாட்டியை நான் குறை கூற மாட்டேன். அவர் சொன்னபோது, “ஆமாம், வெட்டிவிட்டால் சரியாகிவிடும்” என்று தலையசைத்தவன் நானே.

நாக்கைத் தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள். அடிநாக்கின் நடுவில், அதை வாயின் அடித்தளத்தோடு இணைக்கும் ஒரு மடிப்பு தெரியும். அஃது எல்லார்க்கும் உண்டு. தாயின் கருவில் உருவாகும்போது வாயின் அடித்தளத்தோடு ஒன்றியிருக்கும் நாக்கு, சிறிது சிறிதாக விடுபட்டு அசையத் தொடங்குகிறது. அவ்விடுபடுதல் முழுமையாகாமல், மடிப்பு குட்டையாகவோ தடிப்பாகவோ நாக்கின் நுனிவரை நீண்டோ நின்றுவிடுமாயின், அதையே ஒட்டு நாக்கு என்கிறோம். கணக்குகள் வேறுபடினும், பிறக்கும் 100 குழந்தைகளில் 4 முதல் 10 பேர்வரை இது காணப்படுவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. ஆண் குழந்தைகளிடம் மிகுதி. சில குடும்பங்களில் வழிவழியாகவும் வரும்.

குழந்தை அழும்போது நாக்கின் நுனி நடுவில் குழிந்து இதய வடிவில் தோன்றுவது ஓர் அடையாளம். நாக்கைக் கீழுதட்டிற்கு வெளியே நீட்ட இயலாமை, மேலண்ணத்தைத் தொடத் தூக்க இயலாமை ஆகியனவும் அடையாளங்களே. ஆனால் மடிப்பு இருப்பதே நோயன்று. அதனால் நாக்கு தன் வேலையைச் செய்ய முடியாமற் போகிறதா என்பதுதான் கேள்வி. பார்க்க மிகவும் ஒட்டியிருந்தும் தடையின்றிப் பால் குடித்துத் தெளிவாகப் பேசும் பிள்ளைகள் பலர் உண்டு.

பிறந்த குழந்தைக்கு நாக்கின் முதல் வேலை பால் குடிப்பது. கீழ் ஈற்றின்மேல் நாக்கை நீட்டி, மார்பை ஆழமாகப் பற்றி, அலைபோல் அசைத்து அது பாலை இழுக்கிறது. நாக்கு நீளாவிடில் ஈறுகளால் கடித்துத் தொங்கும். தாய்க்கு உயிர் போகும் வலி; காம்பில் வெடிப்பு; குழந்தையின் வாயில் ‘டக், டக்’ என்ற ஒலி; பற்றிய மார்பு அடிக்கடி நழுவுதல்; ஒரு மணி நேரம் குடித்தும் பசி; எடையோ ஏறாது. இந்த நிலையில் நம் வீடுகளில் பெரியவர்கள் கூறுவது ஒன்றுதான்: “இவளுக்குப் பால் பத்தலை.” உடனே புட்டி வருகிறது. பால் இருந்தும் இல்லையென்று பழி சுமந்து, மூலையில் உட்கார்ந்து அழும் இளந்தாய்மாரை நான் சந்தித்திருக்கிறேன். கணவன்மாரும் மாமியார்களும் இப்பத்தியை மற்றொரு முறை படிப்பார்களாக.

எனினும் உடனே கத்தரியைத் தேட வேண்டியதில்லை. பாலூட்டுவதில் தேர்ந்த செவிலியர் ஒருவர் அருகிலிருந்து, குழந்தையை ஏந்தும் முறையையும் மார்பைப் பற்றச் செய்யும் முறையையும் திருத்தினாலே பலருக்குத் தொல்லை தீர்ந்துவிடுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒட்டு நாக்குள்ள குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே பால் குடிப்பதில் தொல்லை ஏற்படுகிறது. வெட்டுவதன் பயனைப் பற்றி 302 குழந்தைகள் பங்குகொண்ட 5 ஆய்வுகளைக் காக்ரேன் ஆய்வுக் குழு 2017-இல் தொகுத்து ஆராய்ந்தது. தாயின் வலி சிறிது காலத்திற்குக் குறைகிறது; குழந்தை பால் குடிப்பது நிச்சயமாகத் திருந்துகிறது என்று சொல்ல முடியவில்லை. இதுவே அதன் முடிவு. பிரேசில் நாட்டிலோ, பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் நாவடியையும் சோதிக்க வேண்டுமென்று 2014-இல் சட்டமே இயற்றினார்கள். நமக்கு அப்படியொரு சட்டம் தேவையென்று நான் கருதவில்லை. வலியால் தாய் கண்ணீர் வடிக்கும்போது, குழந்தையின் நாக்கைத் தூக்கிப் பார்க்கும் செவிலியர் ஒருவர் இருந்தால் போதும்.

முறையான உதவிக்குப் பிறகும் தொல்லை நீடித்து, மருத்துவரும் தேவையென்று கருதினால், பச்சிளங் குழந்தைக்குச் செய்வது எளிய சிகிச்சையே. மழுங்கிய முனையுள்ள கத்தரியால் சில நொடிகளில் மடிப்பை விடுவிப்பர். சில துளி இரத்தம் வரும். உடனே தாய் மார்பில் அணைத்துப் பாலூட்டலாம். பின்னர் அவ்விடத்தில் வெண்மையாகத் தோன்றுவது சீழன்று. புண் ஆறும் அடையாளம். குடும்பத்தில் எவருக்கேனும் இரத்தம் உறையாத நோய் உண்டா என்பதை முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். லேசர் முறைக்கு மிகுந்த பணம் கேட்கிறார்கள். கத்தரியைவிட அது மேலானது என்பதற்குச் சான்றில்லை. முற்கால ஐரோப்பாவில் மருத்துவச்சிகள் இதற்கென்றே ஒரு விரலில் நகம் வளர்த்து, அதனால் கீறிவிடுவார்களாம்! வீட்டில் பிளேடை எடுப்போர் இன்றும் இருக்கலாம். நாக்கின் அடியில் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன என்பதை அவர்களுக்கு யாரேனும் சொல்லுங்கள்.

இனிப் பேச்சுக்கு வருவோம். நம் ஆண்டவர் வாழ்ந்த அதே நூற்றாண்டில், செல்சுஸ் என்பவர் இலத்தீன் மொழியில் மருத்துவ நூல் ஒன்று எழுதினார். நாவடியை வெட்டும் முறையை விவரித்துவிட்டு, தாம் அறிந்த ஒருவரைப் பற்றியும் குறிப்பிடுகிறார்: வெட்டிய பின் அம்மனிதரால் நாக்கைப் பற்களுக்கு வெளியே நன்றாக நீட்ட முடிந்தது, ஆயினும் பேச்சு வரவேயில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதை ஒருவர் எழுதி வைத்திருக்க, நாம் இன்னும் அதே தவற்றைச் செய்துகொண்டிருக்கிறோம்.

ஒட்டு நாக்கு சில ஒலிகளின் தெளிவைக் கெடுக்கலாம். நாக்கின் நுனியை மேலே தூக்கி ஒலிக்கும் ல, ள, ர, ட போன்றவை அதில் அடங்கும். ஆனால் பேச்சே பிறக்காமல் தடுப்பது அதன் வேலையன்று. ஓராண்டில் தன் பெயர் கேட்டுத் திரும்பாத குழந்தைக்கும், இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாத குழந்தைக்கும் முதலில் சோதிக்க வேண்டியது காது. அது சரியாயிருந்தால், பிற வளர்ச்சிக் குறைகள் உண்டா என்று குழந்தை மருத்துவர் பார்ப்பார். பிறந்த சில நாட்களிலேயே செவிப் பரிசோதனை செய்ய முடியும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இதற்கென அரசு மையங்களும் உள்ளன. அரசு மருத்துவமனையில் கேட்டால் வழிகாட்டுவர். ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளைப்பளம்’ என்று பிள்ளை சொன்னால், முதலில் தந்தை எப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள்; அது நாக்கின் குறையன்று, ஊரின் வழக்கு! ரகரமும் றகரமும் பல பிள்ளைகளுக்கு ஐந்து ஆறு வயதில்தான் திருந்தும்.

வசம்பைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளை வளர்ப்பான் என்று பெயரிட்டு அதைப் போற்றினாலும், அதை உரைத்து நாவில் தடவுவதால் மடிப்பு நீளாது. நாக்குத் திருந்தட்டும் என்று தேன் தடவுவதோ, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஆபத்தானது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்ணுயிர் பச்சிளங் குடலில் நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம்.

பெரியவர்களுள் பலர் தமக்கு இது உண்டென்பதை அறியாமலேயே வாழ்கின்றனர். உதட்டை நக்க இயலாமை, கடைவாயில் சிக்கிய உணவை நாக்கால் எடுக்க முடியாமை, சிலருக்குக் கீழ் முன்பற்களுக்கு இடையே சந்து, நாதஸ்வரம் போன்ற கருவிகளை வாசிப்பதில் இடர் ஆகியன அவர்கள் காணும் தொல்லைகள். அவர்களுக்கு ஊசியால் மரத்துப்போகச் செய்து, மடிப்பை விடுவித்துத் தையலிடுவர். அதன் பின் நாக்குக்குப் பயிற்சி வேண்டும். நெடுநாள் வழக்கத்தால் பேசிய பேச்சு ஒரே நாளில் மாறிவிடாது. பேச்சுப் பயிற்சியாளரின் துணை தேவைப்படலாம்.

குருமடத்தில் என்னோடு படித்த நண்பர் ஒருவருக்கு நாக்கு ஒட்டியே இருந்தது. நாங்கள் கேலி செய்ததுண்டு; அவரோ எங்கள் அனைவரையும்விடச் சிறந்த மறையுரையாளரானார். நாற்பது வயதைக் கடந்தபின், கடைவாய்ப் பற்கள் சொத்தையாகவே, பல் மருத்துவரின் யோசனைப்படி சிகிச்சை செய்துகொண்டார். “பேச்சில் ஏதாவது மாற்றம் உண்டா, சாமி?” என்று தொலைபேசியில் கேட்டேன். “பேச்சு பழைய பேச்சுதான்” என்றார். புண் ஆறிய மறுநாள் கடைத்தெருவுக்குப் போய்க் கோன் ஐஸ்கிரீம் ஒன்று வாங்கினாராம். வாழ்நாளில் முதன்முறையாக அதைக் கரண்டியின்றித் தின்று முடித்தாராம்.