மழை பெய்த இரவே விளக்கு எரியட்டும்

மானாவாரி நிலக்கடலை மழையை நம்பியே விளைகிறது. அதே மழைக்காக மண்ணுக்கடியில் இன்னொரு உயிரும் காத்துக் கிடக்கிறது. அதுதான் சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழு. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து மல்லாட்டைக் காடுகளிலும், ஆந்திரத்தின் அனந்தப்பூர் போன்ற வறண்ட நிலங்களிலும் உழவர்களுக்குப் பழகிய எதிரி இது.

அம்சாக்டா அல்பிஸ்ட்ரைகா என்பது இதன் அறிவியல் பெயர். ஆண்டின் பெரும்பகுதியை இது வரப்போரத்திலும் மரத்தடியிலும் ஒரு சாணுக்குள்ளான ஆழத்தில் உறங்கியே கழிக்கிறது. நல்ல மழை பெய்து மண் நனைந்ததும் உறக்கம் கலைகிறது. அடுத்த சில நாட்களுக்குள் பொழுது சாய்ந்த பிறகு அந்துப்பூச்சிகள் கூட்டமாக வெளிவருகின்றன. வெள்ளை இறக்கையில் பழுப்புக் கோடுகளும், முன்விளிம்பில் மஞ்சள் பட்டையும் இருந்தால் அது இந்தப் பூச்சிதான்.

தாய்ப்பூச்சி இலையின் அடிப்பக்கத்தில் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் குவியலாக இடும். அவை 2, 3 நாட்களில் பொரிந்துவிடும். இளம்புழுக்கள் முதலில் ஒரே இடத்தில் கூடியிருந்து இலையின் பச்சையைச் சுரண்டும். பிறகு பிரிந்து வயல் முழுக்கப் பரவும். 5 செ.மீ. வரை வளர்ந்து, உடல் முழுக்கச் செம்பழுப்பு முடியோடு திரியும் பருவத்தில் இலை, பூ, நுனிக்குருத்து எதையும் விட்டுவைக்காது. ஒரு வயல் மொட்டையானதும் அடுத்த வயலுக்குப் படையெடுக்கும். ஏறத்தாழ 40 முதல் 50 நாட்கள் இப்படித் தின்று தீர்த்துவிட்டு மறுபடி மண்ணுக்குள் போய்விடும்.

புழு கண்ணில் பட்ட பிறகு மருந்துக் கடைக்கு ஓடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. முடி அடர்ந்து பெருத்த புழு மருந்துக்கு எளிதில் சாவதில்லை. சாவதோ, தீமை செய்யும் பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டும் சிலந்தியும் குளவியும்தான். காசும் போய், காவலும் போய்விடுகிறது.

பூச்சியியல் ஆய்வுகள் காட்டும் வழி வேறு. இந்தப் பூச்சியின் பலமே அதன் பலவீனமும்கூட. எல்லாம் ஒரே சமயத்தில் வெளிவருவதால், அந்தச் சில இரவுகளில் அவற்றை மொத்தமாகப் பிடிக்க முடியும். மழை பெய்தவுடன் இரவு 7 மணி முதல் 11 மணி வரை விளக்குப் பொறி வைக்கலாம். வரப்பில் தீ மூட்டலாம். முட்டையிடும் முன் ஒரு தாய்ப்பூச்சி சிக்கினால், பல நூறு புழுக்கள் பிறக்காமலே தடுக்கப்படுகின்றன. விளக்குக்குத் தப்பியவை இடும் முட்டைக் குவியலையும், கூடியிருக்கும் இளம்புழுக்களையும் இலையோடு கிள்ளி அழிக்க வேண்டும். கோடை உழவு செய்தால் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். தட்டைப்பயறையோ துவரையையோ ஊடுபயிராக விதைத்தால், தாய்ப்பூச்சிகள் அவற்றை நாடிவரும். முட்டைகளைத் தேடிப் பொறுக்குவது எளிதாகும். புழுக்கள் இடம்பெயரும் நேரத்தில், வயலைச் சுற்றி 30 செ.மீ. ஆழத்துக்குச் செங்குத்தான கரையோடு காடி வெட்டினால் அவற்றால் ஏறிவர முடியாது.

இவற்றில் எதுவும் தனி ஒருவர் செய்தால் முழுப்பலன் தராது. கூட்டுப்புழு என் வரப்பில் மட்டுமா கிடக்கிறது? புறம்போக்கிலும், பக்கத்துக்காரர் மரத்தடியிலும் கிடக்கிறது. ஒருவர் மட்டும் விளக்கேற்றினால் ஊரின் பூச்சியெல்லாம் அவர் வயலைத் தேடி வரவும் கூடும். ஊரே ஒரே இரவில் ஏற்றினால்தான் எண்ணிக்கை சரியும்.

இது வெறும் ஏட்டுப் பேச்சு அல்ல. தெலங்கானாப் பகுதியில் ஆமணக்கைச் சூறையாடிய இதே கம்பளிப்புழுவை, 1980களின் இறுதியில் தொண்டு நிறுவனங்களும் அறிவியலாளர்களும் சிற்றூர் மக்களோடு சேர்ந்து தீப்பந்தமும் விளக்குப் பொறியும் கொண்டு எதிர்கொண்டார்கள். ஆந்திரத்தில் பின்னாளில் பரவிய பூச்சிக்கொல்லி இல்லாப் பயிர்ப் பாதுகாப்பு முயற்சிகளுக்கு அந்த அனுபவமே வித்திட்டது.

நம் ஊர்களில் மே 1 அன்று கிராம சபை கூடுகிறது. வடமாவட்டங்களில் மானாவாரிக் கடலை விதைப்புக்குச் சில வாரங்களே இருக்கும் நேரம் அது. எந்தத் தெருவுக்கு யார் விளக்கு வைப்பது, கோடை உழவை எப்போது முடிப்பது, முட்டை பொறுக்க யார் யார் போவது என்பதை அன்றே பேசி முடிவு செய்யுங்கள். வேளாண் உதவி அலுவலரையும் அழைத்து உட்கார வையுங்கள். மழை வந்த பிறகு கூடிப் பேச நேரம் இருக்காது.