மாடு கத்தும் பெட்டி

மாடல் ரயில் வைத்திருக்கிறேன் என்றால் அடுத்த கேள்வி, "கூவுமா?" என்பதுதான். கூவாமல்! அமெரிக்காவின் லயனல் கம்பெனி 1935-லேயே எஞ்சினுக்குப் பின்னால் வரும் டெண்டருக்குள் ஒரு குட்டி மோட்டாரை வைத்து ஊதல் போட வைத்துவிட்டது. இப்போதைய எஞ்சின்களில் மணி, ஹாரன், பிரேக் கிறீச்சிடுவது வரை எல்லாம் இருக்கிறது. ஆனால் எஞ்சின் கடந்து போக எவ்வளவு நேரமாகும்? பின்னால் வரும் பெட்டிகள் ஊமையாகப் போனால் அது என்ன ரயில்? அதனால் என் காசெல்லாம் பெட்டிகளுக்குத்தான் போகிறது.

நான் ஓட்டுவது 1950களின் அமெரிக்கச் சரக்கு ரயில். எச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அந்தக் காலத்தில் கால்நடைகளும் ரயிலில்தான் போகும். 1906-ஆம் வருடச் சட்டப்படி அவற்றை 28 மணி நேரத்துக்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது. உடைமைக்காரர் எழுதிக் கொடுத்தால் 36 மணி நேரம். வழியில் இறக்கித் தீனியும் தண்ணீரும் காட்டி, இளைப்பாற விட வேண்டும். ஆகவே ரயில் ஓடும்போது என் மாடுகள் கத்துவதில்லை. சைடிங்கில் நின்ற பிறகுதான் பொத்தானை அழுத்துவேன். டைம்டேபிள் போட்டு ஷன்டிங் செய்யும் நண்பர்களுக்கு அந்தக் கத்தல் ஒரு அவசரம் கொடுக்கும். மற்ற பெட்டிகளை விட்டுவிட்டு முதலில் மாட்டுப் பெட்டியைப் பட்டிப் பக்கம் தள்ளுவார்கள்.

பழம் ஏற்றும் பழைய குளிர்பெட்டிகளில் ஐஸ் கட்டிதான், சத்தம் கிடையாது. பின்னால் வந்தவற்றில் சொந்த டீசல் எஞ்சின் உண்டு. அந்தப் பெட்டியைத் தனியே யார்டில் கழற்றிவிட்டாலும் உறுமிக்கொண்டே நிற்கும்.

சக்கரச் சத்தம்தான் சள்ளை பிடித்தது. டிசிசி முறையில் தண்டவாளம் வழியாக மின்சாரமும் கட்டளையும் சேர்ந்தே போகும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு எண். அதற்குள் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும். பெட்டியில் மோட்டார் இல்லாததால், எவ்வளவு வேகத்தில் உருள்கிறோம் என்று அந்த டிகோடருக்குத் தெரியாது. எஞ்சினையும் பெட்டியையும் ஒரே எண்ணில் கோத்துவிட்டால், எஞ்சினுக்குப் போகும் வேகக் கட்டளை இதற்கும் போகும். எஞ்சின் மெல்ல வேகம் பிடிப்பதற்கும் மெல்ல நிற்பதற்கும் சிவி 3, சிவி 4 என்று இரண்டு அமைப்புகள் உண்டு. பெட்டியிலும் அவற்றை ஒத்துப்போகும்படி வைக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி நகரும் முன்பே சக்கரம் தடதடக்கும்.

பிரேக் இறுகி ஒரு பக்கம் தட்டையான சக்கரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நிஜ ரயிலின் 33 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.6 மீட்டர் போகும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நொடிக்கு மூன்று 'தட்'. ஒரு ரயிலுக்கு அப்படி ஒரு பெட்டி போதும், எல்லாவற்றுக்கும் வைத்தால் கூத்தாகிவிடும்.

ஸ்பீக்கர் செல்போனில் வரும் ரகம்தான், 11-க்கு 15 மி.மீ. அதை வெறுமனே ஒட்டினால் கொசு மாதிரிப் பாடும். முன்பக்கம் தள்ளும் காற்றும் பின்பக்கத்துக் காற்றும் ஒன்றையொன்று அடித்துவிடுவதுதான் காரணம். முதுகில் ஒரு பிளாஸ்டிக் கூடு வைத்து ஓரத்தைப் பசையால் அடைத்தால், அதே ஸ்பீக்கர் டீசல் மாதிரி உறுமும். ஊசி நுழையும் இடுக்கு இருந்தாலும் போச்சு.

பெட்டி வாங்கியதும் முதல் வேலையாகச் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிடுவேன். என் ரயிலை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது, நிஜ ரயிலை 87 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் மாடு காதுக்குள் வந்தா கத்தும்?

தண்டவாள மூட்டுச் சத்தத்துக்கு மின்சாரமே வேண்டாம். அந்தக் கால அமெரிக்காவில் தண்டவாளத் துண்டு 39 அடி. 40 அடிப் பெட்டியில் ஏற்ற வேண்டுமே! எச்.ஓ.வில் அது 13.6 செ.மீ. அந்த இடைவெளி விட்டு, தண்டவாளத்தின் மேல்பக்கம் மெல்லிய அரத்தால் ஒரு கீறல் போடுங்கள். அமெரிக்கத் தண்டவாளத்தில் இரு பக்க மூட்டுகளும் நேருக்கு நேர் வராது. ஆகவே இடதுபக்கக் கீறல்களுக்கு நடுவில் வலதுபக்கக் கீறல் விழ வேண்டும். சக்கரமும் உலோகமாக இருந்தால் 'டக்-டக்' தானாக வரும். கீறிய பிசிறை மட்டும் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் விட்டுவிட்டுப் போய் மாட்டுக்கு விக்கல் எடுக்கும்.