துணைவேந்தர் மாறினால் நமக்கென்ன?

பல்கலைக்கழகத்துக்குப் புதிய துணைவேந்தர் வந்திருக்கிறார் என்று பத்திரிகையில் படம் வருகிறது. மாலை போடுகிறார்கள், கைகுலுக்குகிறார்கள். அந்தச் செய்தியை நம்மில் எத்தனை பேர் வாசிக்கிறோம்? படித்தவர்களின் விடயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினேன். யாழ்ப்பாணத்தில் மகளைப் படிக்க வைக்கும் ஓர் அக்கா சொன்னார்: “யாரு வந்தா என்னங்க மிஸ்? துரை மாறுனா கொழுந்து நிறுக்கிற தராசு மாறுமா?”

நியாயமான கேள்விதான். ஆனாலும் துரைக்கும் துணைவேந்தருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. துரையைக் கம்பனி அனுப்புகிறது. மாற்றலாகிப் போனால் அவர் திரும்பி வரப்போவதில்லை. பிரட்டுக்களத்தில் நிற்கும் பெண்ணிடம் அவர் கணக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. துணைவேந்தரோ பெரும்பாலும் அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். பதவிக்காலம் முடிந்ததும் தன் துறைக்கே திரும்பி, நேற்று வரை தன் உத்தரவுக்குக் கீழிருந்தவர்களோடு ஒரே மேசையில் உட்கார வேண்டியவர். அதனால்தான் விரிவுரையாளர்கள் அவரைக் கேள்வி கேட்க முடிகிறது. இந்த உறவு அறுந்துபோனால் நட்டம் யாருக்கு என்பதைத்தான் இங்கு சொல்ல விரும்புகிறேன்.

எப்படி நியமிக்கிறார்கள்?

1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி, பல்கலைக்கழகத்தின் பேரவை மூவரின் பெயர்களைச் சிபாரிசு செய்யும். அது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஊடாக ஜனாதிபதியிடம் போகும். அவர் ஒருவரை மூன்று வருடங்களுக்கு நியமிப்பார். வேந்தர் என்பது கௌரவப் பதவி. நிர்வாகம் துணைவேந்தரின் கையில்.

பேரவையில் பீடாதிபதிகளும் மூதவையின் பிரதிநிதிகளும் இருக்கிறார்கள். ஆனால் ஆணைக்குழு வெளியிலிருந்து நியமிக்கும் உறுப்பினர்களின் தொகை, உள்ளே இருப்பவர்களை விட ஒன்று அதிகம். ஆகவே ஆசிரியர்களின் சம்மதம் இல்லாமலே தலைமை தெரிவாகிவிடலாம். வந்தவர் மேலே பார்ப்பதா, பக்கத்தில் இருக்கும் சகாக்களைப் பார்ப்பதா என்ற இழுபறி நியமனக் கடிதத்தோடே தொடங்கிவிடுகிறது.

கிழக்கில் நடந்தது

போர்க்காலத்தில் இந்த இழுபறிக்குள் துப்பாக்கியும் வந்தது. 2006 செப்டெம்பர் இறுதியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலை கலாசார பீடாதிபதி க. பாலசுகுமார் மட்டக்களப்பில் கடத்தப்பட்டார். துணைவேந்தர் பதவி விலகினால்தான் அவரை விடுவிப்போம் என்றார்கள் கடத்தியவர்கள். துணைவேந்தர் பேராசிரியர் சி. இரவீந்திரநாத் சகாவின் உயிருக்காக விலகல் கடிதம் கொடுத்தார். பீடாதிபதி விடுவிக்கப்பட்டார். ஆனால் 2006 டிசெம்பர் 15 ஆம் திகதி, கொழும்பில் பலத்த பாதுகாப்பு வலயத்துக்குள் நடந்த விஞ்ஞான மாநாட்டுக்குச் சென்ற துணைவேந்தர் காணாமற் போனார். அவர் திரும்பி வரவேயில்லை.

காணாமற் போனவருக்காகக் காத்திருப்பது என்னவென்று இந்த இதழை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு தலைவரும் ஆசிரியரும் ஒருவருக்காக ஒருவர் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்காகவே இதை நினைவூட்டுகிறேன்.

நாற்காலி வெறுமையான காலம்

இனி யாழ்ப்பாணம். 2019 இல் துணைவேந்தர் பேராசிரியர் இ. விக்னேஸ்வரனை, பதவிக்காலம் முடியுமுன்பே அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நீக்கினார். தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டார். அவரும் பேராசிரியர்தான். ஆனாலும் பேரவை மூன்று பெயர்களைத் தெரிவுசெய்து அனுப்பும் அந்த வழியால் வந்தவர் அல்லர். ஒரு வருடத்துக்கும் மேலாக இப்படியே நடந்தது.

அந்த இடைக்காலத்தில் என்ன நடந்தது? 1996 இல் நாவற்குழியில் இராணுவத்தால் பிடிக்கப்பட்டுக் காணாமற் போன இளைஞர்களின் உறவினர்கள், யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்திருந்தார்கள். அவர்களுக்காக முன்னிலையானவர் யாழ். பல்கலைக்கழகச் சட்ட விரிவுரையாளர் கலாநிதி குமாரவடிவேல் குருபரன். விரிவுரையாளர் ஒருவர் வழக்காடலாமா என்று இராணுவத் தரப்பு மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்டது. ஆணைக்குழு பல்கலைக்கழகத்துக்கு எழுதியது. 2019 நவம்பரில் பேரவை அவர் வழக்காடுவதைத் தடுத்தது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கல்வியாளர்கள் பலர் கண்டித்தார்கள். 2020 ஜூலையில் அவர் பதவி விலகினார்.

முறைப்படி வந்த துணைவேந்தர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் மேலிருந்து கடிதம் வரும்போது “இவர் எங்கள் ஆசிரியர், முதலில் எங்கள் மூதவையில் பேசுவோம்” என்று சொல்ல உறுதியான தலைமை வேண்டும். அது இல்லாதபோது சட்டம் படிக்கும் பிள்ளைகள் நல்ல ஆசிரியரை இழந்தார்கள். பிள்ளைகளைத் தேடிய உறவினர்களுக்காக வழக்காடியதற்கே ஓர் ஆசிரியர் விலை கொடுக்க வேண்டியிருந்தது. துணைவேந்தர் மாறினால் நமக்கென்ன என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

நம்மவர் வந்தால் போதுமா?

போதாது. 2020 ஓகஸ்ட்டில் கணிதப் பேராசிரியர் சி. சிறிசற்குணராஜா துணைவேந்தரானார். அங்கேயே கற்பித்தவர். ஆனால் 2021 ஜனவரி 8 இரவு வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதமிருந்தார்கள். 11 ஆம் திகதி வடக்கு கிழக்கில் ஹர்த்தால். அன்று அதிகாலையில் துணைவேந்தரே வந்து மாணவர்களோடு சேர்ந்து மீண்டும் அடிக்கல் நாட்டினார். கீழேயிருந்து குரல் வந்தால் தலைமை திரும்பிப் பார்க்கும் என்பதை அன்று கண்டோம்.

பெண் தலைமையும் அப்படியே. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சாவித்திரி குணசேகர 1999 இல் இலங்கையின் முதற் பெண் துணைவேந்தரானார். யாழ்ப்பாணத்தில் 2011 இல் பேராசிரியர் வசந்தி அரசரத்தினம் அந்தப் பொறுப்புக்கு வந்தார். நமக்குப் பெருமைதான். ஆனால் யார் நாற்காலியில் இருந்தாலும், இளைய பெண் விரிவுரையாளர் ஒருவர் எழுந்து “இது சரியில்லை” என்று சொன்ன பிறகும் அவருடைய பதவி உயர்வு தடைப்படாமல் இருக்குமா என்பதே அளவுகோல்.

ஆசிரியர்கள் எப்போதும் சரி என்றும் சொல்லவில்லை. அவர்களுக்குள்ளும் அணி பிரிதல் உண்டு, ஊர்ப் பார்வை உண்டு. ஒழுங்காக வேலை வாங்க வரும் புதியவரைப் பிடிக்காமல் எதிர்ப்பவர்களும் உண்டு. எதிர்க்கிறவர் மாணவருக்காகப் பேசுகிறாரா, தன் வசதிக்காகப் பேசுகிறாரா என்று பிரித்துப் பார்க்க நாம் பழக வேண்டும்.

மலையகத்துக்கு வரும்போது

மலையகத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று நீண்ட காலமாகக் கேட்கிறோம். எங்கே கட்டுவது, யார் பெயரை வைப்பது என்றே பேச்சு நடக்கிறது. அதன் பேரவையில் யார் இருப்பார்கள், அதில் எத்தனை பெண்கள், துணைவேந்தரைத் தெரிவு செய்வதில் ஆசிரியரின் குரலுக்கு எவ்வளவு இடம், மாணவி ஒருத்தி துன்புறுத்தல் பற்றி முறையிட்டால் அதை விசாரிப்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை.

இவற்றை நாம் கேட்கலாம். வாக்குக் கேட்டு லயத்துக்கு வருபவரிடம் கேட்கலாம். மாதர் சங்கத்தில் தீர்மானமாக எழுதி அனுப்பலாம். வடக்கிலும் கிழக்கிலும் உள்ள சகோதரிகள் தங்கள் பல்கலைக்கழகங்களைப் பற்றி இதே கேள்விகளைக் கேட்கலாம். விடுமுறையில் வீட்டுக்கு வரும் மகளிடம் “பரீட்சை எப்போது?” என்று கேட்பதோடு நிற்காமல், “உங்கள் ஆசிரியர்கள் பயமில்லாமல் பேசுகிறார்களா?” என்றும் கேட்டுப் பாருங்கள்.