திருட்டும் வருவாயும்: ஏலப்பாறை மலைப்பகுதி காட்டும் உண்மைகள்

திருட்டு தனிமனிதனின் ஒழுக்கக் குறைபாடு மட்டுமே என்னும் எண்ணம் மிகப் பழமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புள்ளியியல் அதனை அசைத்துவிட்டது. பவேரியாவில் 1836 முதல் 1861 வரை தானிய விலை ஏறியபோது திருட்டும் ஏறியது. விலை இறங்கியபோது அதுவும் இறங்கியது. ஜெர்மானியப் புள்ளியியலாளர் ஃபான் மாயர் 1867-இல் இதனை வெளியிட்டார். மக்களின் குணம் ஆண்டுக்கு ஆண்டு அவ்வாறு மாறியிருக்க இயலாது.

வளர்ந்துவரும் நாடுகளில் நிலைமை இத்துணை நேரானதன்று. இங்கு வறுமை மிகும்போது மட்டுமின்றி, வளம் பெருகும்போதும் திருட்டு மிகுவதுண்டு. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பீருமேடு வட்டத்திலுள்ள ஏலப்பாறையும் அதனைச் சூழ்ந்த மலைப்பகுதியும் இவ்விரு நிலைகளையும் இருபது ஆண்டுகளுக்குள் கண்டன.

இங்குள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளரில் பெரும் பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த குடும்பங்களின் வழிவந்தோர். குடியிருக்கும் லயம், மருத்துவ வசதி ஆகியவற்றை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் கடமையாக்கியது. எனவே தோட்டம் மூடப்பட்டால் கூலியோடு வாழ்க்கையின் பிற ஆதாரங்களும் நின்றுபோகும். 1990-களின் இறுதியில் தேயிலை விலை வீழ்ந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் இவ்வட்டத்தில் பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. சம்பளமும் பணிக்கொடையும் நிலுவையில் நின்றன.

கைவிடப்பட்ட செடிகளில் தொழிலாளர் கொழுந்து பறித்து வெளியே விற்றுப் பிழைத்தனர். சில இடங்களில் தொழிற்சங்கங்களே செடிகளைக் குடும்பங்களுக்குப் பங்கிட்டன. பிறர் வசமுள்ள அசையும் பொருளை நேர்மையற்ற எண்ணத்துடன் எடுப்பதே சட்டப்படி திருட்டு. கூலி பாக்கிக்காகக் காத்திருப்பவர் கொழுந்து பறித்தால் அதில் நேர்மையற்ற எண்ணம் உண்டா என்பது வழக்கறிஞர்கள் நெடுநேரம் வாதிடத் தக்க வினா. மலைமக்கள் அதனைத் திருட்டாகக் கருதவில்லை. மூடிய ஆலையின் இயந்திரப் பாகங்கள் இரவில் பழைய இரும்புக் கடைக்குப் போவது முற்றிலும் வேறு வகை. அதற்கு வண்டி வேண்டும், முதல் வேண்டும், கேள்வி கேட்காமல் வாங்குபவர் வேண்டும். பட்டினி கிடப்பவரிடம் இவை இருப்பதில்லை.

ஏலக்காயின் கதை நேர்மாறானது. 2018-ஆம் ஆண்டின் பெருவெள்ளமும் அதனைத் தொடர்ந்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்தன. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் உச்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. 2015-இல் மூணாறு பெண் தொழிலாளர் போராடிய பின்னரே தேயிலைத் தோட்ட நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாயிற்று என்பதை இதனோடு ஒப்பிட்டால், ஒரு கிலோ காய் மூன்று வாரக் கூலிக்கும் மேல். அதன்பின் கூலி ஓரளவு உயர்ந்தது எனினும் இடைவெளி பெரிதே.

பழுத்த காயை மட்டும் தேர்ந்து பறிப்பது முறை. இரவில் வருபவருக்கு அதற்கு நேரமில்லை. பூவும் பிஞ்சுமாகச் சரத்தையே அறுத்துச் செல்கிறார். அடுத்து வரவேண்டிய பறிப்புகளும் விவசாயிக்கு இல்லையாகின்றன. களவாடியவர் பெற்ற ஆதாயத்தைவிட இழந்தவரின் நட்டம் பன்மடங்கு. இழப்போரில் சிறு நிலம் வைத்திருப்போரும் பலர். காவலாள் வைக்க அவர்களுக்கு வசதியில்லை.

பச்சைக் காய் நெடுநாள் தாங்காது. ஏறத்தாழ ஐந்து கிலோவை உலர்த்தினால் ஒரு கிலோ கிடைக்கும். ஆகவே களவுக் காய் விரைவில் ஒரு ஸ்டோருக்கோ இடைத்தரகரிடமோ போயே தீரவேண்டும். உலர்ந்தபின் அது எந்தத் தோட்டத்துக் காய் என்று எவராலும் கூற இயலாது. ஏல வணிகருக்கு உரிமம் கட்டாயம் என 1987-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. சில்லறையாக வரும் சிறு மூட்டைகளே இவ்வலையின் ஓட்டை.

இருந்தும் ஐயம் முதலில் விழுவது வாங்கியவர் மீதன்று. மலைக்குக் கீழே, மதுரைச் சீமையில் இதற்கொரு கொடிய முன்னுதாரணம் உண்டு. 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் பிறப்பாலேயே ஐயத்துக்குரியதாக அறிவிக்கப்பட்டது. கைரேகைப் பதிவும் இரவு வருகைப் பதிவும் சுமத்தப்பட்டன. இதனை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில் பதினாறு பேர் மாண்டனர். வானம் பார்த்த நிலமும், பறிபோன ஊர்க்காவல் வருவாயும் பதிவேட்டில் இடம்பெறவில்லை. சென்னை மாகாணத்தில் 1947-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அம்மக்களுக்கென நிறுவப்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அதன்பின்னும் தொடர்ந்தன. இன்று ஏலத்தோட்டங்களுக்கு வரும் வடமாநிலத் தொழிலாளரைக் களவு நடந்தவுடன் விசாரிக்கும் அதிகாரிகள் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு ஒரு புதுமையைக் கொண்டுவந்துள்ளது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி முதன்முறை தண்டனை பெறுபவர், அதனைத் திருப்பித் தந்தால், சமூக சேவை செய்தால் போதும். 2019-ஆம் ஆண்டின் உச்ச விலையில் ஒரு கிலோ காயே இவ்வரம்பைத் தாண்டிவிடும். 2021-இல் நிலவிய ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் நான்கு கிலோவும் தாண்டாது. திருட்டுப் பொருளை அறிந்தே வாங்குபவருக்கு 317-ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. அவர் அறிந்தே வாங்கினார் என மெய்ப்பிக்கக் கொள்முதல் பதிவேடு வேண்டும்; சிறு மூட்டை வாங்கும் கடையில் அது இருப்பது அரிது.