பித்தளை டபராவும் கொட்டாங்கச்சியும்

கையில் காப்பி டம்ளருடன்தானே இதைப் படிக்க உட்கார்ந்திருக்கிறீர்கள்? கீழே வைத்துவிட வேண்டாம். இன்றைய விஷயமே அதைப் பற்றியதுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நடை அமெரிக்காவுக்குப் போய் வந்துவிடலாம், வாருங்கள்.

ஃப்ளோரிடா மாகாணத்தில் டிஸ்னி கம்பெனியாரின் பிரம்மாண்டமான கேளிக்கை நகரம் இருக்கிறதல்லவா? அங்கே பாலினீஷியத் தீவுகளின் பெயரில் ஒரு தங்கும் விடுதி 1971 முதல் நடந்து வருகிறது. அதற்குள் 2015-ல் ஒரு ‘டிக்கி பார்’ திறந்தார்கள். டிக்கி என்றதும் மோட்டார் வண்டியின் பின்புறத்தை நினைத்துக்கொண்டு விடாதீர்கள். தென் கடல் தீவுவாசிகள் மரத்தில் செதுக்கும் உருவங்களுக்கு அந்தப் பெயர்.

என் அக்கா பெண் அங்கே போய் வந்துவிட்டு, டெலிபோனில் மூச்சு விடாமல் வர்ணித்தாள். உள்ளே ஒரே மங்கல் வெளிச்சமாம். மூங்கிலும் ஓலையும் மீன் வலையும் தொங்குகின்றனவாம். ஒரு பானத்துக்கு ஆர்டர் கொடுத்தால் ஜன்னலில் தெரியும் எரிமலை குமுறுகிறதாம். இன்னொன்றுக்குக் கொடுத்தால் இடி இடித்துப் புயல் அடிக்கிறதாம். பரிசாரகர்கள் எல்லோரும் சேர்ந்து கூச்சல் வேறு போடுகிறார்களாம்.

“நான் அன்னாசிப் பழரசம்தான் சாப்பிட்டேன், சித்தி. சத்தியமாக!” என்றாள் கடைசியில். நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

இந்த வேடிக்கைக்கு வயது தொண்ணூறுக்கு மேல். 1933-ல் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கிய கையோடு எர்னஸ்ட் கான்ட் என்ற ஊர்சுற்றி ஹாலிவுட்டில் சின்னதாக ஒரு கடை போட்டார். தம் பெயரையே ‘டான் பீச்’ என்று மாற்றிக்கொண்டார். கிளம்பப் பார்க்கும் வாடிக்கைக்காரர் வெளியே மழை பெய்கிறது என்று எண்ணி மறுபடி உட்காரட்டும் என்பதற்காக, கூரையின் மேல் ரப்பர் குழாயால் தண்ணீர் அடிப்பாராம்! அவர் ஊற்றிக் கொடுத்த ரம் என்னவோ பூமியின் இன்னொரு பக்கத்திலுள்ள கரீபியன் தீவுகளின் சரக்கு. பசிபிக் தீவுவாசிகளுடைய பழைய பானம் காவா என்ற செடியின் வேரிலிருந்து எடுப்பது. அதைக் கடைக்காரர் தேடிப் போகவில்லை. தீவின் பெயரும் ஓலையும் இருந்தால் போதாதா?

நான் நன்றாகச் சிரித்தேன். சிரித்து ஒரு வாரம் ஆகவில்லை, நானே ஒரு டிக்கி பாரில் உட்கார்ந்திருந்தேன். ரம் இல்லை, எரிமலை இல்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

கும்பகோணத்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். சென்னையிலிருந்து காரில் புறப்பட்டோம். என்னுடன் பெரியம்மாவும் வந்தாள். பெரியம்மாவுக்கு எண்பத்து நாலு வயது. பதினெட்டு வயதில் பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையிலுள்ள ஒரு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். நாற்பது வருஷம் அந்த வீட்டு அடுப்படியில் நின்றாள். பிறகு நிலம் போயிற்று, வீடு போயிற்று. பிள்ளையோடு சென்னைக்கு வந்து சேர்ந்தாள்.

செங்கற்பட்டைத் தாண்டித் திண்டிவனம் போகும் சாலையில் நீங்கள் பிரயாணம் செய்திருந்தால் பார்த்திருப்பீர்கள். பர்லாங்குக்குப் பர்லாங்கு ‘கும்பகோணம் டிகிரி காப்பி’ என்ற போர்டுகள்! அப்படி ஒன்றில் வண்டியை நிறுத்தினோம். வாசலில் ஓலைப் பந்தல். ஒரு பக்கம் ஏர்க்கலப்பையும் மாட்டுவண்டிச் சக்கரமும் சாத்தி வைத்திருந்தார்கள். அரிக்கேன் விளக்குக்குள் மின்சார பல்பு எரிந்தது. சாம்பிராணிப் புகையோடு நாதஸ்வரம் காற்றில் மிதந்து வந்தது. மேடை மேல் ஆளுயர அலங்காரமாகப் பித்தளை ஃபில்டர்கள். தங்கம் போல் தகதகக்கும் டபரா டம்ளரில் நுரை ததும்பக் காப்பி வந்தது. காப்பி வெகு ஜோர். இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

இந்த ‘டிகிரி’ எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டர் காட்டும் டிகிரிதான் அது என்பது ஒன்று. சிக்கரி என்ற சொல்தான் வாயில் சிதைந்து டிகிரி ஆயிற்று என்பது மற்றொன்று. கும்பகோணத்தார் முதல் கதையைத்தான் ஒப்புக்கொள்வார்கள். பஞ்சாமி ஐயர் நடத்திய லக்ஷ்மி விலாஸ் காப்பிக் கடையைச் சாட்சிக்கு அழைப்பார்கள். இல்லத்தரசிகளுக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன். அந்தக் கருவியை முழுக்க நம்ப வேண்டாம். நல்ல பசும்பாலில் அது 26-க்கும் 32-க்கும் நடுவே நிற்கும். தண்ணீர் சேர்த்தால் அளவு இறங்கும். ஆனால் ஆடையை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி ஏறிவிடும். ஆகவே ஆடையை எடுத்துவிட்டு அளவாகத் தண்ணீரும் விட்டால், கருவி வாயைத் திறக்காது! பால்காரர்கள் இதை எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கும்பகோணத்தில் நெல் விளைகிறது, வெற்றிலை விளைகிறது, பக்கத்து நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கிறார்கள். காப்பிச் செடி மட்டும் மருந்துக்குக்கூடக் கிடையாது. கொட்டை வருவது குடகிலிருந்தும், சிக்மகளூரிலிருந்தும், சேர்வராயன் மலையிலிருந்தும். டான் பீச்சின் ரம் கதைதான்!

நான் இப்படி யோசித்துக்கொண்டிருக்க, பெரியம்மா காப்பியைத் தொடாமல் டபராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பெரியம்மா, ஆறிப் போகிறதே?”

“இதைப் பார்த்தாலே கை வலிக்கிறதுடி. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சாத்தான் இந்த மினுமினுப்பு வரும்” என்றவள், பரிசாரகப் பையனைக் கூப்பிட்டாள். “ஏம்ப்பா, இத்தனையையும் யார் தேய்க்கிறா?”

“பின்பக்கம் ரெண்டு அக்கா இருக்காங்க, பாட்டி.”

பின்பக்கம் நமக்குத் தெரியாதபடி ஒரு மூங்கில் தட்டி மறைத்திருந்தது.

காப்பியின் பெருமையைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. பச்சைக் கொட்டையை வாணலியில் பதமாக வறுத்து, கை மிஷினில் அரைத்து, விடிய நாலு மணிக்கு விறகு அடுப்பை ஊதி வெந்நீர் வைத்தவர்களைப் பற்றித்தான் அதிகமாக யாரும் எழுதக் காணோம். பெரியம்மாவின் புக்ககத்தில் முதல் டிகாக்ஷன் மாமனாருக்கும் ஆண்பிள்ளைகளுக்கும், வந்த விருந்தாளிகளுக்கும். இரண்டாவது மாமியாருக்கும் நாத்தனார்களுக்கும். மருமகளுக்கு மிஞ்சியது மூன்றாவது டிகாக்ஷன். அது காப்பி கழுவிய தண்ணீர். டவுனில் காப்பி கிளப்புகள் வந்தபோதும், அவள் போன்ற குடும்பப் பெண்கள் அங்கே போய் உட்கார்ந்து கேட்டு வாங்கிக் குடிக்க முடிந்ததா என்ன?

பெரியம்மா மெதுவாக டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். “முதல் டிகாக்ஷன்” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

கார் மறுபடி புறப்பட்டு, விக்கிரவாண்டியில் திரும்பிப் பண்ணுருட்டியைத் தாண்டியது. நான் பேச்சுக்காக அக்கா பெண் சொன்ன கதையை எடுத்துவிட்டேன். டிக்கி பார்களில் தேங்காய் ஓட்டிலேகூடப் பானம் தருவார்களாம், அதற்குத் தனி விலையாம் என்றேன். பெரியம்மா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெகு நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“நம்ம வீட்டிலேயும் கொட்டாங்கச்சி இருந்தது” என்றாள் பிறகு. “கொல்லையிலே வேலிப்படலில் சொருகியிருக்கும். நடவுக்கு வருகிறவாளுக்கு அதிலேதான் காப்பி ஊத்தணும். உயரத் தூக்கி ஊத்தணும். ஒருத்தி பிள்ளை பெற்று இருபது நாள்கூட ஆகவில்லை, நடவுக்கு வந்துட்டா. சூடு தாங்காம ஓட்டைக் கீழே போட்டுட்டா. உள்ளே போய் ஒரு டம்ளரை எடுத்துண்டு வந்து கொடுக்கணும்னு எனக்குத் தோணித்து. தோணித்து, அவ்வளவுதான். மாமியார் பார்த்துண்டு நின்னா.”

அவள் சொன்ன சம்பவம் நடந்தது 1960-ஐ ஒட்டி இருக்கலாம். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. குடமுருட்டிக் கரைக் கொல்லைப்புறத்துக்கு வந்து சேர அதற்கு இன்னும் பல வருஷம் பிடித்தது. சென்னை நகரத்திலேயே, ஒரு ஹோட்டலின் போர்டிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரி 1957-ல் திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில் பெரியாரின் கட்சியார் மாதக்கணக்கில் மறியல் செய்ய வேண்டியிருந்தது. விளிம்பு மடித்த டபரா டம்ளரின் அழகை நாம் ரசிக்கிறோம். எச்சில் படாமல் தூக்கிக் குடிப்பதற்காக ஏற்பட்ட அழகு அது என்று சொல்வார்கள்.

சாலையோரக் கடைக்காரரின் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கலப்பையைக் கொண்டு வந்து வைத்தார், அரிக்கேனை மாட்டினார், வேலிப்படலையும் கொட்டாங்கச்சியையும் கொண்டு வரவில்லை. வைத்தால் யார் வண்டியை நிறுத்துவார்கள்? டிஸ்னிக்காரரும் அப்படித்தான். தீவிலிருந்து எரிமலை வரலாம், தீவுக்காரரின் வருத்தம் வரக்கூடாது. தங்கள் முன்னோர் வணங்கிய உருவங்களைக் குடிகோப்பைகளாக்கி விற்கிறார்களே என்று அந்தத் தீவுகளைச் சேர்ந்தவர்கள் இப்போது வாய் திறந்து கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நம் கொல்லைப்புறத்தில் நின்றவர்களின் பேரன் பேத்திகளும் கேட்கிறார்கள்.

அணைக்கரைப் பாலத்தில் கொள்ளிடத்தைக் கடக்கும்போது பெரியம்மா வழக்கம்போல் கைகூப்பினாள். பொழுது சாய்வதற்குள் கும்பகோணம்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கல்யாண மண்டபத்தில் காப்பி வந்தது. கும்பகோணத்திலேயே கும்பகோணம் காப்பி! ஆனால் டபரா இல்லை, பித்தளை இல்லை. பெரிய எவர்சில்வர் டிரம்மிலிருந்து காகிதக் கப்பில் பிடித்துப் பிடித்துக் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஒன்று, மேளக்காரருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு வந்து வரிசையில் நின்றாள். அவளுக்கும் அதே டிரம், அதே கப்.

பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த அம்மாள் பக்கத்தில் வந்ததும், “உட்காரும்மா” என்று அடுத்த நாற்காலியைக் காட்டினாள். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு உட்கார்ந்தாள்.

“காப்பி எப்படி, பெரியம்மா?” என்றேன்.

“மகா மட்டம். ஒரே சிக்கரி” என்றாள் பெரியம்மா.

பக்கத்து நாற்காலியிலிருந்த அம்மாளும், “ஆமாங்க, சர்க்கரையும் தூக்கல்” என்றாள்.

இருவரும் இன்னொரு கப் வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.